கொன்றை நகரின் இடது காதுகள்

சித்திரை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கொன்றை நகரில் நாற்பத்தொரு பேர் பல் விளக்கக் கண்ணாடி முன்னால் போய் நின்றார்கள். நாற்பத்தொரு பேருக்கும் இடது காதின் நுனியில் ஒரு துண்டைக் காணவில்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை, தலையணையில் கறை இல்லை, போர்வையை உதறிப் பார்த்தும் போன துண்டு கிடைக்கவில்லை. கத்தரிக்கோலை இரண்டே தரம் வைத்து எடுத்தால் எப்படி ஒரு முக்கோணம் விழுமோ அப்படி ஒரு வெட்டு, பத்து வருஷத்துக்கு முன்பே விழுந்து ஆறிப்போனதுபோல ஓரமெல்லாம் மழமழவென்று இருந்தது. யோகா சொல்லிக்கொடுக்கிறவருக்கு விழுந்திருந்தது, இன்சூரன்ஸ் பிடிக்கிறவருக்கு விழுந்திருந்தது, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு பூஜை நடத்துகிற அம்மாளுக்கும் அவர் மாமியாருக்கும் ஒரே அளவில் விழுந்திருந்தது.

எட்டு மணிக்கு நவமணி மருந்துக்கடையைத் திறந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. ஒவ்வொருவரும் துண்டையோ முந்தானையையோ இடது காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் ஏன் பிடித்திருக்கிறார் என்று பார்க்காமல் நின்றார்கள்.

"ஏனுங் நவமணி, ரெண்டு பிளாஸ்திரி குடுங். என்னமோ பூச்சி கடிச்சுட்டுதுங்க."

"காட்டுங்க, பாக்கலாம்."

துண்டு விலகியது. நவமணி பார்த்தாள். அந்த வெட்டு அவளுக்கு நன்றாகத் தெரிந்த வெட்டு.

நவமணிக்கு நாற்பத்தாறு வயது. கொன்றை நகர் முனையில் அந்தக் கடையில் பதினெட்டு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். யாருக்கு மூலம், யாருக்குச் சர்க்கரை, யார் யாருக்குத் தெரியாமல் எந்த மாத்திரை போடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், ஒரு வார்த்தை வெளியில் விட்டதில்லை. அவளும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மாரப்பனும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், கொன்றை நகர் வாயில்லா ஜீவன்கள் நலக் குழு என்று. தலைவர், செயலாளர், உறுப்பினர், வலை பிடிக்கிற ஆள், வண்டி தள்ளுகிற ஆள் எல்லாமே அந்த இரண்டு பேர்தான். போன ஆவணியில் மூடிக்கிடந்த அரிசி ஆலைக்குள் அவர்கள் முகாம் நடத்தினார்கள். தெருவில் திரிந்த இருபத்து மூன்று நாய்களையும் பிடித்து, டாக்டரை வரவழைத்துக் குடும்பக் கட்டுப்பாடு செய்து, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு, மயக்கம் தெளிவதற்குள் இடது காதின் நுனியில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டினார்கள். இந்த நாய் இனிக் குட்டி போடாது, இதற்கு ஊசி போட்டாகிவிட்டது, இதை மறுபடி பிடிக்காதே, ஒன்றும் செய்யாதே என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் அடையாளம். டாக்டர் வெட்டும்போது இருபத்து மூன்று காதுகளையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தவள் நவமணி.

வெட்டிய பிறகு இன்னொரு விதி இருக்கிறது. எந்த இடத்தில் பிடித்தோமோ அந்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும். பக்கத்துத் தெருவில் விட்டால்கூட அந்தத் தெரு நாய்கள் சேர்ந்து குதறிவிடும். அதனால் நவமணி ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். பெயர், பிடித்த இடம், என்ன கொடுத்தால் வரும், பிடித்த தேதி, விட்ட தேதி. மூக்காயி, டிரான்ஸ்பார்மர் அடி, தயிர்சோறு. பட்டாளம், பால் பூத், வர்க்கி. துரைசாணி, பிள்ளையார் கோயில் பின்புறம், பெயரைச் சொன்னாலே வரும். மைனர், தலைவர் வீட்டு வாசல், எலும்பு. அவ்வளவு சுத்தமாக எழுதின நோட்டு அந்த வட்டாரத்தில் எந்த அலுவலகத்திலும் இருந்திருக்காது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் நல்லசிவத்துக்கு இது பிடிக்கவில்லை. "புடிச்சுட்டுப் போறீங்கன்னு பாத்தா, காதை வெட்டித் திருப்பிக் கொண்டாந்து வுடறீங்களே அம்மிணி, இது என்ன கூத்து?" என்று முகாம் முடிந்த அன்றைக்கே கேட்டார். நவமணி விதியைச் சொன்னாள். அவர் சிரித்தார். ஏழு மாதம் சிரித்த முகமாகவே இருந்தார். பங்குனி பாதியில், ஒரு வெள்ளிக்கிழமை, அவரே கடைக்கு வந்து, உங்க சேவையைப் பாராட்டிப் பேரூராட்சிக்குக் கடுதாசி எழுதோணும், அந்த நோட்டை ரெண்டு நாளைக்குக் குடு அம்மிணி என்று கேட்டார். நவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவள் சித்தி மகள் கல்யாணத்துக்குப் பழனி போனாள். மாரப்பன் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கினபோது எதிரில் வாலாட்டிக்கொண்டு ஓடிவர ஒரு நாய் இல்லை. தெரு கழுவி விட்டதுபோல் இருந்தது. வீட்டு கேட்டில் நோட்டு செருகியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் பச்சை மையில் டிக் அடித்திருந்தது, பக்கம் பக்கமாகக் கோழிக்குழம்பு எண்ணெய்.

எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். தயிர்சோற்றுக்குத் தயிர்சோறு, வர்க்கிக்கு வர்க்கி. இவள் வைத்த பெயருக்கு, இவள் பழக்கின ருசிக்கு, இருபத்து மூன்றும் ஒன்று பாக்கியில்லாமல் வந்திருக்கும். எங்கே கொண்டுபோனார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. ஒன்றிரண்டாவது உயிரோடு இருக்கலாம், தெரிந்தால் போய் எடுத்துவந்துவிடலாம் என்று அவள் வீடு வீடாகப் படியேறினாள்.

"நாயெல்லாம் எங்கீங்க?"

"எந்த நாயிங்க?" என்றார்கள். ஏழு வருஷம் அந்த நாய்கள் குரைத்ததால்தான் திருடன் வராமல் தூங்கினவர்கள், எந்த நாயிங்க என்று கேட்டார்கள். "அதுக எங்கியாச்சும் போயிருக்குமுங்க, வாயில்லா ஜீவன்தானே" என்று ஒரு அம்மாள் அவள் கைக்கு முறுக்கும் கொடுத்து அனுப்பினார். அந்த முறுக்கைத் தின்றுவிட்டோமே என்று பிற்பாடு நவமணிக்குக் குமட்டியது.

பைபாஸ் ஓரம் தேடினாள், சந்தைப்பேட்டையில் தேடினாள், ஏழெட்டு ஊருக்கு மொபெட்டில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காவல் நிலையத்தில் நாய்க்கெல்லாம் காணவில்லை என்று எழுத முடியாது என்றார்கள். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மனு எழுதினாள். கலெக்டருக்கு ஒன்று, கால்நடைத் துறைக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. மேற்கே ஏதோ மெஷின் ஓடுகிறதோ, யார் வீட்டிலோ டிவி அலறுகிறதோ, காற்றில் ஒரு சத்தம் வந்து வந்து எழுத்தை ஓடவிடாமல் பண்ணியது. ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, எட்டு நாளில் பதினோரு மனு எழுதினாள்.

ஒன்பதாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன். முதலில் தன் காதைத்தான் தடவிப் பார்த்தாள். முழுசாக, பதமாக, பிறந்தபடி இருந்தது. பிறகு வரிசையில் வந்த ஒவ்வொரு காதையும், பஞ்சை டிஞ்சரில் தோய்த்து, தேவையில்லாமலே இரண்டு தரம் துடைத்து, பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே, நாயெல்லாம் எங்கீங்க என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்த நாய் என்றும் அன்று யாரும் கேட்கவில்லை. இனி எவனும் மறைக்க முடியாது, நாய்களைப் பிடித்தவன் எவன் என்று அவனவன் காதே சொல்லும் என்று நினைத்தாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு இடித்தது. இஸ்திரி வண்டிக்காரர் காளியப்பனுக்குக் காது வெட்டுப்படவில்லை. காளியப்பன் பிறவியிலேயே செவிடு. போன வாரம் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துப் புண்ணாகி வந்து நின்றபோது இவர் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் இருந்தது. காது முழுசாக இருப்பதைப் பார்த்ததும், பாவம், தப்பாக நினைத்துவிட்டோம் என்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டு, கைக்குப் போடக் களிம்பு சும்மாவே கொடுத்தனுப்பினாள்.

முதல் வாரம் கொன்றை நகர் வெட்கப்பட்டது. சித்திரை வெயிலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் காய்கறி வாங்கினார்கள். பெண்கள் வகிட்டை மாற்றி, முடியை இடது பக்கம் வழித்து வாரி, அதன்மேல் இரண்டு முழம் பூவைத் தொங்கவிட்டார்கள். டாக்டர்களிடம் போனார்கள், ஒருவர் அலர்ஜி என்றார், ஒருவர் கால்சியம் குறைவு என்றார். எலி கடித்திருக்கும் என்று சொன்ன டாக்டரிடம் மட்டும் யாரும் மறுபடி போகவில்லை.

இரண்டாவது வாரம், கோயிலில் தீபாராதனை நேரம், தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எல்லோரும் குனிந்தபோது, பூ சரிந்தது, மஃப்ளர் நழுவியது, ஒருவர் காதை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் யாரோ சிரித்தார்கள். "உங்களுக்குமாங்க?" "அட, உங்களுக்குமா!" என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகிறபோது மஃப்ளரை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். தனியாக ஒருத்தனுக்கு வந்தால்தான் அது அசிங்கம், நாற்பது பேருக்குச் சேர்ந்து வந்துவிட்டால் அது சங்கம். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்ற நவமணிக்கு, எச்சில் ஊறிக்கொண்டே வந்து, துப்ப இடமில்லாமல் போயிற்று.

மூன்றாவது வாரம் நல்லசிவம் ஷாமியானா போட்டுக் கூட்டம் கூட்டினார். அவருடைய காதில்தான் எல்லாரையும்விட அழகாக வெட்டு விழுந்திருந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். "நாமெல்லாம் சுத்தமா இருக்கோணும்னு நெனச்சோம். ஊரு சுத்தமாச்சு. அதுக்கு, மேல இருக்கறவன் போட்ட முத்திரைங்க இது. எல்லாத்துக்குமா போட்டான்? பொறுப்பு இருக்கறவனுக்குப் போட்டான்." ஜனங்கள் கை தட்டினார்கள். அன்று முதல் வெட்டு இல்லாதவர்களுக்குக் கஷ்டகாலம் பிறந்தது.

கிழக்கு வரிசை வீடுகளில்தான் வெட்டு விழாதவர்கள் அதிகம். அவர்களை விளக்கு பூஜைக்குக் கூப்பிடுவது நின்றது. பெண் பார்க்க வந்த தரகர் ஜாதகத்துக்கு முன்னால் காதைக் கேட்டார். கடைவீதி நகைக்காரர் ஒருவர் அந்த முக்கோணத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி தங்கத்தில் ஒரு சில் செய்து, நுனித்தோடு என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஒரு மாதத்தில் கொன்றை நகரில் நாற்பத்தொரு காதும் வெயிலில் மின்னியது. கிழக்கு வரிசையில் குடியிருந்த பாங்க் குமாஸ்தா ஒருவர் பொறுக்கமாட்டாமல் நகவெட்டியால் தானே வெட்டிக்கொண்டு, நான்காம் நாள் கடைக்கு வந்தார். காது அப்பம்போல் உப்பி, மஞ்சளாகச் சீழ் வைத்து, கழுத்துவரை ஒழுகிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?"

"புள்ளைக்கு வரன் பாக்கறமுங்க" என்றார் அவர்.

நவமணி சீழைத் துடைத்துக் கட்டுப் போட்டாள். அந்த நாற்றம் மூன்று நாள் அவள் விரலிலேயே இருந்தது. அதைவிட, அந்த மனுஷர் கண்ணாடியில் கட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினதுதான் அவளால் மறக்க முடியாமல் இருந்தது. கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து, எதிரே வருகிற போகிற மின்னுகிற காதுகளைப் பார்த்துக்கொண்டு, இவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தா பதினெட்டு வருஷம் ஓடிற்று என்று தன்மேலேயே காறித் துப்பிக்கொண்டாள். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. பிளாஸ்திரி கேட்டவரிடமும் கேட்டாள், பிரஷர் மாத்திரை கேட்டவரிடமும் கேட்டாள். எங்கீங்க? செத்ததா இருந்தாலும் பரவாயில்லை, எந்த இடம்னு சொல்லுங்க.

வைகாசியில் ஒரு நாள் நல்லசிவம் தன் மனைவி சாரதாமணியோடு அவள் வீட்டுக்கே வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சேலை. மகள் வயிற்றுப் பேரனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து.

"கட்டாயம் வரோணும் கண்ணு" என்றாள் சாரதாமணி. "வெறும் காது குத்தறதுக்கு ஆசாரி வர்றாரு. ஆனா பாரு, எங்க ரெண்டு பேத்துக்கும் நுனிவெட்டு இருக்குது, புள்ளைக்கு இருக்குது, மருமவனுக்கு இருக்குது. குழந்தைக்கு மட்டும் இல்லாம மூளியா இருக்குது. ஆசாரிக்கு அந்த அளவு தெரியாதுங்கறாரு. இருவத்து மூணு காது புடிச்சவ நீ. உங்கிட்ட அந்தக் கத்தரியும் இருக்குது, மரத்துப்போற மருந்தும் இருக்குது."

குழந்தைக்குப் பதினொரு மாதம். நவமணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு, சேலையின் விலைச்சீட்டு தெரிகிற மாதிரி தாம்பாளத்தைத் திருப்பி வைத்தார்கள்.

"ஏனுங்ண்ணா, நாயெல்லாம் எங்கே?" என்றாள்.

நல்லசிவம் யோசித்தார். "அங்க வா. கத்தரியோட வா. காதைப் புடிச்சப்புறம் சொல்றேன்."

மாரப்பன் கேட்டுவிட்டுக் குதித்தார். "பச்சக் குழந்தை காதை நறுக்கப் போறயா அம்மிணி? அந்தச் சனங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" நவமணிக்கு அந்த இடம் தெரியவேண்டும், அவ்வளவுதான். நறுக்குவேனா மாட்டேனா என்பதை அவள் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் நான்கு நாள் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை கத்தரியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து, நோட்டோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

தெருவை அடைத்துப் பந்தல். ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் கிடாக்கறி வெந்துகொண்டிருந்தது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசின குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, மாமன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்தார். குழந்தை வீரிட்டு அழுது, சர்க்கரையை நக்கி அடங்கியது. நவமணி பக்கத்தில் போய் மண்டியிட்டாள். இடது காதின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். அதே மெத்து, அதே கதகதப்பு, மயக்கத்தில் இருந்த துரைசாணியின் காது இப்படித்தான் இருந்தது. குழந்தை கண்ணீரோடு அவளைப் பார்த்துச் சிரித்து, அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"புடிச்சுட்டேனுங்ண்ணா. சொல்லுங்க."

நல்லசிவம் குனிந்து, ஏதோ சீர் விஷயம் பேசுகிறவர்போல, சாதாரணமாகச் சொன்னார். "நம்ம மேக்கால, பழைய கல்லுக்குழி. மச்சினன் குத்தகைக்கு எடுத்து வெட்டி முடிச்சுட்டான், பத்து வருசமா பூட்டிக் கெடக்குது. லாரில கொண்டுபோய் உள்ள எறக்கிட்டோம். காளியப்பன்தான் கயித்தைப் புடிச்சு ஒண்ணொண்ணா எறக்குனான். அடிக்கல, கொல்லல, பாவமெல்லாம் வேண்டாம்னுட்டு உசிரோடதான் எறக்குனோம். ஓரமா மழைத் தண்ணி கெடந்துச்சு, அதைக் குடிச்சுட்டுக் கெடந்துதுக. மத்தியானமானா மேகாத்துல சத்தம் வரும் பாரு, டிவி கேக்க முடியாது. எட்டு நாளு கத்துச்சுக. திங்கக்கெழமை சாயங்காலம் அதுவா நின்னு போச்சு. செவ்வாக்கெழமை காலைல பாத்தா..." என்று தன் காதில் மின்னின தங்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

கயிற்றைப் பிடித்தவன் காளியப்பன். காளியப்பனுக்குக் காது கேட்காது, அவன் காது முழுசாக இருந்தது. லாரி ஏற்றினவர்களுக்கு விழுந்த வெட்டு இல்லை இது. அந்தச் சத்தத்தை இன்ன சத்தம் என்று தெரிந்து கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு விழுந்தது. எட்டு நாள், மத்தியானம், மேற்கே, காற்றில். மூக்காயி கூப்பிட்டிருக்கிறாள், துரைசாணி கூப்பிட்டிருக்கிறாள். இருபத்து மூன்று பேரும் அரை மைல் தூரத்திலிருந்து யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நவமணிக்குச் சந்தேகமே இல்லை. இவள் ஜன்னலைச் சாத்தினாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். அவர்களுக்காக மனு எழுதுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர்களுடைய சத்தத்தை வெளியில் வைத்துச் சாத்தினாள்.

காதில் சில்லென்று ஒன்று பட்டது. வலிக்கவில்லை. தோளில் ஏதோ விழுந்ததுபோல் இருந்தது, தடவினால் ஒன்றும் இல்லை. எதிரே நின்ற சாரதாமணிதான் முதலில் பார்த்தாள்.

"அட, நவமணிக்கு விழுந்திருச்சு! இப்பத்தான், என் கண்ணு முன்னால விழுந்துச்சு!"

"கெட்டிமேளம்!" என்று கத்தினார் நல்லசிவம்.

மேளம் அதிர்ந்தது. அரிசியும் பூவும் அவள் தலையில் விழுந்தன. கிழக்கு வரிசைக்காரர்கள் எட்டி எட்டிப் பொறாமையோடு பார்த்தார்கள். யாரோ அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், யாரோ கன்னத்தை வழித்துச் சொடக்குப் போட்டார்கள், சாரதாமணி குழந்தைக்கென்று செய்து வைத்திருந்த தங்கச் சில்லைத் தட்டோடு எடுத்து நீட்டி, "நீயே போட்டுக்க கண்ணு, இனி நீ நம்ம ஆளு" என்றாள். நாற்பத்தொரு வாயும் பல் தெரியச் சிரித்தது. கிடாக்கறி வாசம் அடித்தது. இத்தனை நாள் இந்த முகங்களைப் பார்த்தபோதெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது இப்போது தன் உடம்புக்குள்ளிருந்தே, தன் ரத்தத்திலிருந்தே வருகிறது என்று நவமணிக்குத் தெரிந்தது. குழந்தையின் காதை விட்டாள். கத்தரியைப் பையில் போட்டாள்.

"சாவி குடுங்க" என்றாள்.

"எதுக்கு?" என்ற நல்லசிவம், பிறகு தாராளமாக இடுப்பிலிருந்து கழற்றினார். "எடுத்துக்க அம்மிணி. இப்ப அங்க என்ன இருக்குது?"

குழந்தைக்கு நுனி எடுக்க ஆசாரியைக் கேட்டுப் பார்த்தார்கள். எனக்குக் குத்தத்தான் தெரியும், நறுக்கத் தெரியாது என்று அவர் பெட்டியை மூடிவிட்டார். பந்தி பரிமாறினார்கள்.

நவமணி மாரப்பனைக் கூட்டிக்கொண்டு, முகாமுக்கு நாய் ஏற்றின அதே மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு கல்லுக்குழிக்குப் போனாள். பூட்டுக்குப் புதுசாக எண்ணெய் விட்டிருந்தார்கள். நாய்களை இறக்கின கயிறு அங்கேயே கிடந்தது, அதைப் பிடித்து நவமணி உள்ளே இறங்கினாள். பாறைச் சுவரில், ஆள் உயரத்துக்கு, நகம் கீறின வெள்ளைக் கோடுகள் மேலே மேலே ஏறிப் பாதியில் நின்றிருந்தன. இரண்டு மாத வெயிலில் எல்லாம் தோலும் எலும்புமாகச் சுருங்கி, கிழக்குச் சுவர் ஓரமாகவே, ஊரைப் பார்த்த பக்கமாகவே, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீர் நின்ற மூலையில் கிடந்தது மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது, தொட்டதும் கையோடு வந்தது, அதற்குள் புழு நெளிந்தது. மேலே நின்று கயிறு இழுத்த மாரப்பன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அழுதார். நவமணி எதையும் கட்டிக்கொள்ளவில்லை. முகாமில் கட்டின கழுத்துப்பட்டையையும், நிறத்தையும், பல்லையும் பார்த்துப் பார்த்து, இவள் மூக்காயி, இவன் பட்டாளம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, தனித்தனிச் சாக்கில் கட்டி மேலே அனுப்பினாள். ஒருத்தருக்கு ஒருத்தர் மாறவில்லை. அவ்வளவு சுத்தமாக எழுதின நோட்டு அது.

மூன்று மணிக்கு, ஜனங்கள் இலையில் பாயசம் வழித்துக்கொண்டிருந்தபோது, வண்டி கொன்றை நகருக்குள் நுழைந்தது. நாற்றம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் அடியில் நிறுத்தி, சாக்கைத் திறந்து, மூக்காயியை இறக்கி, கால்களை ஒழுங்காக மடக்கி வைத்தாள். நோட்டை எடுத்து, ஆவணியில் எழுதின விட்ட தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினாள். பால் பூத்தில் பட்டாளம். பிள்ளையார் கோயில் பின்புறம் துரைசாணி. யோகாக்காரர் வாசலில் ஒன்று, விளக்கு பூஜை அம்மாள் வாசலில் ஒன்று. பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை, நம் ஆள் ஏதோ சடங்கு செய்கிறாள் என்றுகூடச் சிலர் நினைத்துக் கைகூப்பினார்கள். கடைசியாகப் பந்தல் வாசலில் மைனரை இறக்கினாள்.

"என்ன அம்மிணி இது, நல்ல நாளும் அதுவுமா?" என்றார் நல்லசிவம்.

"புடிச்ச இடத்துலயே வுடோணுமுங்ண்ணா. அதுதான் விதி."

சொல்லிவிட்டுத் தேதியை எழுதி நோட்டை மூடினாள்.

மறுநாள் காலை கடை திறக்க அந்த வழியாகத்தான் வந்தாள். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. டிரான்ஸ்பார்மர் அடியில் ஸ்கூட்டர்கள் ஒதுங்கி வளைந்து போயின. போகிற வேகத்தில் ஓட்டுகிறவர்களின் காதுகள் மின்னின. நல்லசிவம் வீட்டு வாசலில் சாணி தெளித்திருந்தது. சாரதாமணி மைனர் கிடந்த இடத்தை மட்டும் அழகாக விட்டு, அதைச் சுற்றிப் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டு, காவி அடித்துக்கொண்டிருந்தாள். நவமணியைப் பார்த்து, "நல்லா இருக்குதா கண்ணு?" என்றாள்.

நவமணி சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தாள். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, மேற்குப் பக்க ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட காதை அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.